ஜே.ஆர்.எஃப். தொகை: எவ்வளவு, எப்போது, எங்கே சிக்குகிறது

கேள்வி: வேதியியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்துள்ளது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி.க்கு இடம் உறுதியாகும் நிலையில் இருக்கிறது. மாதம் கைக்கு எவ்வளவு வரும்? "முதல் ஆறு மாசம் ஒன்னும் வராது" என்று சீனியர்கள் சொல்வது உண்மையா? இதை விட்டுவிட்டு பி.எம்.ஆர்.எஃப்.புக்கு (பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை) முயல்வது நல்லதா?

பதில்:

முதலில் முடிவுப் பட்டியலைத் திறந்து, உங்கள் எண் எந்தத் தலைப்பின்கீழ் இருக்கிறது என்று பாருங்கள். தேர்வு ஒன்றுதான், பணம் கொடுப்பவர்கள் இருவர்: அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் (சி.எஸ்.ஐ.ஆர்.), பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.). தேறியவர்களில் ஒரு பகுதியினர் சி.எஸ்.ஐ.ஆர். ஜே.ஆர்.எஃப்., மற்றவர்கள் யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப். முன்னவர்களுக்கு டெல்லி பூசாவிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். மனிதவள மேம்பாட்டுப் பிரிவுதான் எல்லாம். பின்னவர்களுக்கு யு.ஜி.சி., கனரா வங்கி நடத்தும் உதவித்தொகை இணையதளம் வழியாகப் பணம் போடுகிறது. மாதத் தொகை இரண்டிலும் ஒன்றே. ஆனால் படிவம், சில்லறைச் செலவுத் தொகை, புகார் செய்யும் இடம் எல்லாம் வேறு. உங்களுக்கு யோசனை சொல்லும் சீனியர் மற்றப் பட்டியல்காரராக இருந்தால், அவர் சொல்லும் நடைமுறை உங்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

2024 முதல் நெட் தேர்வில் 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்று ஒரு தகுதியும் வந்திருக்கிறது. அதில் தேறியவர்களுக்கு உதவித்தொகை கிடையாது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் அப்படியே. 'நெட் பாஸ்' என்றாலே மாதப் பணம் என்று வீட்டில் கணக்குப் போட்டிருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள்.

இனி தொகை. அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023 ஜூன் 26 அன்று வெளியிட்ட ஆணைப்படி, 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் ரூ.37,000, இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) ஆகும்போது ரூ.42,000. இதற்குமேல் வீட்டு வாடகைப்படி. அது மத்திய அரசு ஊழியர்களுக்கான விகிதத்தைப் பின்பற்றுகிறது: 2024 ஜனவரி முதல் பெருநகரங்களுக்கு 30, இரண்டாம் நிலை நகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 10 சதவீதம். சென்னை முதல் வகை. ஆகவே வெளியில் வாடகைக்குத் தங்கினால் 37,000 + 11,100 = ரூ.48,100. கோவை, மதுரை, திருச்சி, சேலம் என்றால் ரூ.44,400. இந்த நகரங்களின் எல்லைக்கு வெளியே தனித்து நிற்கும் வளாகம் என்றால் ரூ.40,700 வரை இறங்கிவிடும். ஒரே வேலை, ஒரே தேர்வு. வளாகம் எந்த எல்லைக்குள் வருகிறது என்பதைப் பொறுத்து மாதம் ஏழாயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

வாடகைப்படியில் இரண்டு இடங்களில் தடுக்கிவிழுவார்கள். விடுதியில் தங்கினால் அது கிடையாது. விடுதியில் இடம் இருந்தும் நீங்களாக வேண்டாம் என்று வெளியே போனாலும் பல நிறுவனங்கள் தருவதில்லை. 'விடுதி இடம் ஒதுக்கப்படவில்லை' என்று விடுதிக் காப்பாளர் எழுதித் தரும் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வாங்கி வையுங்கள். பிறகு கேட்டால் முன்தேதியிட்டுத் தரமாட்டார்கள், அந்த மாதங்களின் படி போனது போனதுதான். இரண்டாவது, சில அலுவலகங்களில் பழைய 27 சதவீதமே கணினிப் பதிவில் நின்றுவிடுகிறது. முதல் தொகை வந்ததும் வகுத்துப் பாருங்கள்.

இந்த மாதத் தொகையைத் தவிர, ஆராய்ச்சிச் சில்லறைச் செலவுக்கு கன்டின்ஜென்சி என்று ஒன்று உண்டு. சி.எஸ்.ஐ.ஆர். ஆண்டுக்கு ரூ.20,000 தருகிறது. யு.ஜி.சி. அறிவியல் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டு ரூ.12,000, பிறகு ரூ.25,000. இதை உங்கள் பணம் என்று நினைக்காதீர்கள். பில்லுக்கு எதிராக மட்டுமே செலவாகும். கண்ணாடிக் கலன், ரசாயனம், கருத்தரங்குப் பயணம், அச்சுச் செலவு என்று கைடு கையெழுத்துடன் போக வேண்டும். மார்ச்சுக்குள் பில் போடாவிட்டால் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல முடியும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

வருமான வரி பற்றிச் சுருக்கமாக: கல்விச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு விலக்கு அளித்தது, ஜே.ஆர்.எஃப். பொதுவாக அதன்கீழேயே பார்க்கப்பட்டு வந்தது. ஆராய்ச்சித் திட்டத்தில் ஊழியராகச் சேர்ந்து வாங்கும் தொகை வேறு சங்கதி. அதைச் சம்பளமாகக் கருதி வரி பிடிப்பவர்களும் உண்டு.

அடுத்தது கடிகாரம். தொகையைவிட முக்கியம் இது. மொத்தம் ஐந்து ஆண்டு: இரண்டு ஜே.ஆர்.எஃப்., மூன்று எஸ்.ஆர்.எஃப். சி.எஸ்.ஐ.ஆர். விதியில் இந்த ஐந்துக்குள், நீங்கள் ஏற்கெனவே வேறு அரசு அமைப்பின் உதவித்தொகை வாங்கிய காலமும் சேரும். ஒரு வருடம் இன்னொரு துறையின் ஜே.ஆர்.எஃப். ஆக இருந்திருந்தால் உங்களுக்கு மிச்சம் நான்குதான். அதை மறைத்துச் சேர்ந்தால், பின்னால் தெரியவரும்போது மிகையாக வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

இன்னொரு நுணுக்கம். சி.எஸ்.ஐ.ஆர். ஜே.ஆர்.எஃப். ஆகச் சேர பிஎச்.டி. பதிவு முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குள் பதிந்தால் போதும். இது சலுகைபோலத் தோன்றும், ஆனால் சேர்ந்த நாளிலிருந்தே ஐந்து ஆண்டு ஓடத் தொடங்கிவிடும். பல்கலைக்கழகச் சேர்க்கை ஆறு மாதம் தள்ளிப்போனால், ஆய்வுக்கான அந்த ஆறு மாதம் முடிவில் குறையும். யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப்.பில் பதிவுத் தேதி, விருதுத் தேதி (உதவித்தொகை வழங்கப்பட்ட தேதி) இரண்டில் எது பிந்தையதோ அதிலிருந்து கணக்கு. விருதுக் கடிதம் செல்லுபடியாகும் காலம் யு.ஜி.சி.யில் மூன்று ஆண்டு, சி.எஸ்.ஐ.ஆர். என்றால் கடிதத்தில் அச்சாகியுள்ள கடைசித் தேதியையே பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இடம் 'உறுதியாகும் நிலை'தான். சேர்க்கை ஆணை கைக்கு வருமுன் சேர்ந்ததாக அறிக்கை கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

மறுமுனையில், யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. நெறிமுறை படிப்புக்கு ஆறு ஆண்டு தருகிறது. உதவித்தொகையோ ஐந்து ஆண்டோடு, அல்லது ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளோடு, எது முந்தையதோ அதோடு நிற்கும். சமர்ப்பித்தபின் மதிப்பீட்டையும் வாய்மொழித் தேர்வையும் ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அதற்கு மேலும் இழுப்பதுண்டு. ஆக, எப்படிப் பார்த்தாலும் கடைசியில் ஒரு வருமானமில்லாத இடைவெளி வரும். அதற்கான சேமிப்பை நான்காம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.

இனி உங்கள் சீனியர்கள் சொல்வது. ஆறு மாதம் என்பது விதியல்ல, ஆனால் முதல் தொகை வரச் சில மாதங்கள் ஆவது சாதாரணம். கையில் ஆறு மாதச் செலவுக்கு வழி செய்துகொண்டு சேருவது நல்லது. ஏன் ஆகிறது என்று தெரிந்தால் பாதியைக் குறைக்கலாம்.

யு.ஜி.சி. வழியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் சேர்ந்ததாக அறிக்கை, விருதுக் கடிதம், எம்.எஸ்சி. சான்று, சாதிச் சான்று தேவையானால் அது, நெறியாளர் ஒப்புதல், வங்கி விவரம் எல்லாம் துறைத்தலைவர் கையெழுத்தோடு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போகும். அங்கே 'மேக்கர்' என்று ஒரு ஊழியர் உங்கள் விவரத்தை இணையதளத்தில் பதிவார். 'செக்கர்' என்று ஓர் அதிகாரி அதைச் சரிபார்த்து ஒப்புவார். அதன்பிறகுதான் நீங்கள் என்று ஒருவர் இருப்பதே டெல்லிக்குத் தெரியும். இத்தோடு முடியவில்லை. ஒவ்வொரு மாதமும் 'இவர் இந்த மாதம் பணியில் இருந்தார்' என்று மேக்கர் இட்டு செக்கர் உறுதிசெய்ய வேண்டும். தொகை தானாக வருவதல்ல; மாதாமாதம் இரண்டு பேர் பொத்தானை அழுத்துவதால் வருவது. செக்கர் மாற்றலாகிப் போய், புதியவருக்குக் கடவுச்சொல் வராமல் வளாகம் முழுவதற்கும் இரண்டு மாதம் நின்றுபோவது இப்படித்தான். குறை யு.ஜி.சி.யில் என்று எல்லாரும் திட்டிக்கொண்டிருப்பார்கள். கோப்பு பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும்.

அதனால்தான் சேருமுன் ஆய்வகத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். அந்த வளாகத்தில் இப்போது ஜே.ஆர்.எஃப். வாங்கும் இருவரிடம், போன மாதத் தொகை எந்தத் தேதியில் வந்தது, எஸ்.ஆர்.எஃப். ஆக எவ்வளவு காலம் ஆனது என்று கேளுங்கள். நல்ல கைடு, மோசமான செக்‌ஷன் என்ற சேர்க்கை ஐந்து ஆண்டுக்கு உங்களை அரிக்கும்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் பெயரில் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றில் 'கவிதா மு.', ஆதாரில் 'கவிதா முருகேசன்', வங்கியில் 'மு. கவிதா', நெட் விண்ணப்பத்தில் 'கவிதா எம்'. நமக்கு நான்கும் ஒருத்திதான். கணினிக்கு நான்கு பேர். குடும்பப் பெயர், தந்தை பெயர் என்று தனித்தனிக் கட்டம் கேட்கும் வடிவத்தில் தலைப்பெழுத்து எங்கே உட்காரும் என்பதில் ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு முடிவு எடுக்கும். விருதுக் கடிதத்தில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் சேருவதற்கு முன்பே ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். ஆதாரில் ஒருவர் பெயரை இரண்டு முறைக்கு மேல் சாதாரணமாக மாற்ற முடியாது, யோசித்து மாற்றுங்கள்.

வங்கியிலும் ஒரு கண்ணி உண்டு. பணம் உங்கள் கணக்கு எண்ணுக்குப் போகிறது என்று நினைப்பீர்கள். ஆதார் வழி நேரடிப் பரிமாற்றம் என்றால், ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டிருக்கிறதோ அங்கே போகும். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு, அரசுப் பணம் பெறும் கணக்காக அது குறிக்கப்பட்டிருப்பது வேறு. நடுவில் கைப்பேசியில் ஒரு புதிய கணக்கைத் தொடங்கி, படிக்காமல் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் இணைப்பு அங்கே தாவிவிடும். அடுத்த மாதத் தொகை நீங்கள் மறந்துபோன கணக்கில் கிடக்கும். மை ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கலாம். ஒரு நிமிட வேலை. பள்ளிக் காலத்தில் குறைந்த ஆவணத்தோடு திறந்த 'சிறு கணக்கை' இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதில் ஓர் ஆண்டில் மொத்தம் ரூ.1 லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது. ஐந்து மாத அரியர்ஸ் சேர்ந்து வந்தால் பணம் திரும்பிப் போய்விடும். திரும்பிப்போன பணத்தை மறுபடி வரவழைப்பது முதல்முறை வாங்குவதைவிடக் கடினம்.

இரண்டாம் ஆண்டு முடிவில் அடுத்த முட்டுக்கட்டை. எஸ்.ஆர்.எஃப். தானாக ஆகாது. நெறியாளர், துறைத்தலைவர், வெளி நிறுவனத்திலிருந்து ஒரு வல்லுநர் ஆகிய மூவர் குழு உங்கள் வேலையைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். குழு கூடத் தாமதமானால் ரூ.37,000த்திலேயே ஓடும். பிறகு வித்தியாசம் அரியர்ஸாக வரும் என்றாலும், அதற்கு ஒரு தனிக் கோப்பு, தனி அலைச்சல். இருபதாவது மாதத்திலேயே வெளி வல்லுநர் யார் என்று கைடிடம் பேசி முடித்துவிடுங்கள். பிஎச்.டி. பதிவுச் சான்று இல்லாமல் குழு கூடியும் பயனில்லை.

ஏப்ரல் முதல் ஜூன் வரை பொதுவாகவே வறட்சி. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. முந்தைய ஆண்டுப் பணத்துக்கான செலவினச் சான்றிதழை நிறுவனம் அனுப்பினால்தான் அடுத்த தவணை என்பது மானிய விதி. நிறுவனம் வழியாகப் பணம் தரும் திட்டங்களில் இது கொடுமையாகத் தெரியும், ஏனென்றால் வேறொருவர் கணக்கு முடியாததற்காக உங்கள் மாதப் பணம் நிற்கும். முதுநிலையில் பல்கலைக்கழக முதலிடம் பெற்றவர்களுக்கான இன்ஸ்பயர் திட்டம் இதற்கு உதாரணம். 2024–25இல் அதன் ஆய்வாளர்கள் பலர் மாதக்கணக்கில் தொகையின்றி இருந்தது நாடறிந்த செய்தியானது. நிதி அனுப்பும் முறையை மாற்றியது காரணம் என்றார்கள். முறை நல்லதாகவே இருக்கலாம். பழையதை நிறுத்திய தேதிக்கும் புதியது ஓடத் தொடங்கிய தேதிக்கும் நடுவில் வாடகை கட்ட வேண்டியவர் ஆய்வாளர்.

தொகை உயர்வும் இப்படியே படிப்படியாகத்தான் இறங்குகிறது. 2010இல் ரூ.16,000. 2014 அக்டோபரில் ரூ.25,000. 2019 ஜனவரியில் ரூ.31,000. 2023 ஜனவரியில் ரூ.37,000. ஊழியர்களுக்கு ஆண்டில் இருமுறை அகவிலைப்படி கூடுகிறது. ஆய்வாளருக்கு அகவிலைப்படி இல்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் தெருவில் இறங்கிக் கேட்டபின், ஒரு தாவல். 2019க்கும் 2023க்கும் இடையில் உயர்வு 19 சதவீதம்தான், வாடகை அதற்குக் காத்திருக்கவில்லை. ஒரு துறை ஆணை போட்டாலும் மற்ற அமைப்புகள் தனித்தனியே ஏற்று ஆணை போட வேண்டும்: ஜூன் ஆணையை யு.ஜி.சி. ஏற்றது செப்டம்பரில். இதிலும் மோசம் எம்.டெக். முதுநிலைப் பொறியியலுக்கான கேட் தேர்வில் தேறியவர்களுக்கான மாதம் ரூ.12,400 என்பது 2014இல் ரூ.8,000த்திலிருந்து உயர்த்தப்பட்ட தொகை. பொறியியல் ஆராய்ச்சிக்கு ஆள் வரவில்லை என்று அங்கலாய்ப்பவர்கள் அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

இப்போது பி.எம்.ஆர்.எஃப். 2018–19 பட்ஜெட்டில் அறிவித்தது. முதல் இரண்டு ஆண்டு மாதம் ரூ.70,000, மூன்றாம் ஆண்டு ரூ.75,000, கடைசி இரண்டு ஆண்டு ரூ.80,000, ஆண்டுக்கு ரூ.2 லட்சம் ஆராய்ச்சி மானியம். ஐந்து ஆண்டுக்குக் கூட்டினால் மாதத் தொகை மட்டும் ரூ.45 லட்சம். உங்களுக்கு வாடகைப்படி நீங்கலாக ரூ.24 லட்சம். வித்தியாசம் பெரியதுதான். 2025–26 பட்ஜெட்டில் ஐந்து ஆண்டில் 10,000 பேர் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஐ.ஐ.டி., இந்திய அறிவியல் நிறுவனம் போன்ற குறிப்பிட்ட நிறுவனங்களில் மட்டுமே கிடைக்கும்; உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் பேச்சே இல்லை. ஆண்டுதோறும் மதிப்பாய்வு, பக்கத்துக் கல்லூரிகளில் பாடம் எடுக்கும் கடமை என்று நிபந்தனைகளும் உண்டு. என் கருத்து: கையிலுள்ள ஜே.ஆர்.எஃப்.ஐக் கைவிட்டு அதற்காக ஓராண்டு காத்திருப்பது வீண். வேண்டுமானால் ஜே.ஆர்.எஃப்.உடனேயே ஐ.ஐ.டி.க்கு விண்ணப்பியுங்கள். அங்கே நிறுவனம் தரும் உதவித்தொகையும் இதே ரூ.37,000தான், அதற்கு வாரம் எட்டு மணி நேர அளவுக்குக் கற்பித்தல் உதவி செய்ய வேண்டியிருக்கும். சொந்தப் பணத்தோடு வரும் மாணவரை எந்தக் கைடும் விரும்புவார். நிறுவன ஒதுக்கீட்டில் ஓர் இடம் மிச்சமாகிறதே. உள்ளே போனபின் பி.எம்.ஆர்.எஃப்.புக்கு மாற வழியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பேராசிரியர் "என் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். ஆகச் சேர்" என்றால் குழம்ப வேண்டாம். பெயர் ஒன்று, பொருள் வேறு. அது அவருடைய திட்டம் ஓடும் வரைக்கும்தான், பெரும்பாலும் மூன்று ஆண்டு. பாதியில் பணம் தீர்ந்தால் பிஎச்.டி. மாணவராக நீடிப்பீர்கள், வருமானம் இருக்காது. உங்கள் விருது உங்கள் பெயரில் இருப்பது. கைடு மாறினாலும், அனுமதி பெற்று நிறுவனமே மாறினாலும் கூட வரும்.

உங்களோடு தேர்வெழுதி ஜே.ஆர்.எஃப். கிடைக்காத நண்பர்களுக்குச் சொல்லுங்கள்: தாழ்த்தப்பட்டோருக்கு ஆண்டுக்கு 2,000 இடங்கள், பழங்குடியினருக்கு 750, பிற்படுத்தப்பட்டோருக்கு 1,000 என்று தேசிய உதவித்தொகைகள் உள்ளன. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022இல் நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாட்டில் முழுநேர பிஎச்.டி. படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை ஆண்டுக்கு ரூ.1 லட்சம் தருகிறது. எதை வாங்கினாலும் ஒரே நேரத்தில் இன்னொன்றையோ சம்பளத்தையோ வாங்கக் கூடாது. கௌரவ விரிவுரையாளராக மாலை வகுப்பு எடுத்ததுகூடத் தணிக்கையில் மாட்டும்.

பணம் நின்றுவிட்டால் வரிசை இதுதான். பொது நிதி மேலாண்மை அமைப்பின் தளத்தில் 'உங்கள் பணத்தை அறிய' என்ற பகுதியில் கணக்கு எண்ணைப் போட்டால், பணம் அனுப்பப்பட்டுத் திரும்பியதா, அனுப்பவே இல்லையா என்று தெரியும். திரும்பியிருந்தால் வங்கி இணைப்பைச் சரிசெய்யுங்கள். அனுப்பவே இல்லையென்றால் மேக்கரிடம் போய் அந்த மாத உறுதிப்பாடு ஏறியதா என்று திரையிலேயே காட்டச் சொல்லுங்கள். அங்கே ஏறியிருந்தால் மட்டுமே டெல்லிக்கு மின்னஞ்சல். விருது எண், மாதம், உறுதிசெய்த தேதி மூன்றும் அதில் இருக்கட்டும். பதில் இல்லையென்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் பதியுங்கள். 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் ரூ.10 கட்டித் தகவல் உரிமை மனு. "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. என் கோரிக்கை எந்தத் தேதியில் பெறப்பட்டது, இப்போது எந்த அதிகாரியின் மேசையில் உள்ளது, அங்கே எந்தத் தேதி முதல் உள்ளது என்று மூன்றே கேள்வி. பெரும்பாலும் முப்பது நாள் கெடு முடியுமுன்பே பணம் வந்துவிடும்.